உங்களுக்குத் தெரியுமா? ‘எம்’ சைஸ் யாருடைய உடம்பு?

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன இடத்தில், ட்ரையல் ரூமுக்குள் நின்றுகொண்டு, "போன வருஷம் எல் சரியா இருந்துச்சே, அதுக்குள்ள குண்டாயிட்டேனா?" என்று கவலைப்பட்டவர்களுக்காக இந்த வாரப் பகுதி. கழுத்துக்குப் பின்னால் தைத்திருக்கும் அந்தச் சின்ன லேபிளில் உள்ள எழுத்து, எங்கோ, எப்போதோ, யார் யாரையோ அளந்து வியாபாரத்துக்காகப் போட்டுக்கொண்ட கணக்கு. உங்களைப் போன்ற உடம்பு அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்பதே சந்தேகம்.

◆ நம்மூரில் ஆபீஸுக்குக் கிளம்பும் ஓர் ஆண், நான்கு விதமான அளவுகளை ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டு போகிறார். பனியன் 90 என்றால் மார்புச் சுற்றளவு, சென்டிமீட்டரில். ஃபார்மல் சட்டை 40 என்றால் காலர், அதுவும் சென்டிமீட்டரில். பேன்ட் 34 என்றால் இடுப்பு, இன்ச்சில். ஷூ 8 என்றால் இங்கிலாந்துக் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் இடைவெளி மூன்றில் ஒரு பங்கு இன்ச். பழைய இங்கிலாந்தில் அதுதான் ஒரு பார்லி மணியின் நீளம். ஆக, கழுத்தும் மார்பும் மெட்ரிக், இடுப்பு பிரிட்டிஷ், பாதம் பார்லி.

◆ தையல்காரர் கழுத்தில் தொங்கும் இன்ச் டேப் ஆதிகாலத்துச் சாமான் போலத் தெரியும். ஐரோப்பாவில் அது புழக்கத்துக்கு வந்தது 1800-ஐ ஒட்டித்தான். அதற்கு முன் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு தனிக் காகித நாடா. தோள் இதுவரை, கை இதுவரை, இடுப்பு இதுவரை என்று அதில் கத்தரியால் சிறு சிறு வெட்டு. எண்ணே கிடையாது. எண் இல்லாததால் ஒருவர் உடம்பை இன்னொருவர் உடம்போடு ஒப்பிடவும் வழியில்லை. டேப் வந்த பிறகுதான் ‘36 மார்புக்காரர்கள்’ என்று ஆட்களைக் கூட்டமாகச் சேர்க்க முடிந்தது.

◆ ஆண்களின் ரெடிமேட் சைஸுக்குப் போர்க்களமும் ஒரு காரணம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) லட்சக்கணக்கான வீரர்களுக்கு அவசரமாகச் சீருடை வேண்டியிருந்தது. தனித்தனியாக அளவெடுத்துத் தைக்க நேரமில்லை. வீரர்களை அளந்து பார்த்தபோது, சில மார்பு அளவுகளோடு சில இடுப்பு அளவுகள் திரும்பத் திரும்பச் சேர்ந்து வந்தன. போர் முடிந்ததும் அந்த அட்டவணைகள் துணி வியாபாரிகளுக்கு உதவின. பெண்களை இப்படி வரிசையில் நிறுத்தி அளக்க ஒரு காரணம் கிடைக்க இன்னும் 70 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

◆ வீட்டில் தைப்பவர்களுக்காக, சைஸ் வாரியாக வெட்டிய காகிதப் பேட்டர்னை 1863-ல் விற்கத் தொடங்கியவர் எபனேசர் பட்டரிக். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற சிற்றூரின் தையல்காரர். யோசனை அவர் மனைவியுடையது என்பார்கள். பெயர் மட்டும் பட்டரிக் என்று நின்றுவிட்டது.

◆ லிதுவேனியாவிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறிய தையல்காரி லீனா பிரையன்ட். 1904-ல் கடை வைத்தார். வங்கிப் படிவத்தில் ‘லீனா’ என்பது ‘லேன்’ என்று எழுத்து மாறிப்போக, கடைக்கு ‘லேன் பிரையன்ட்’ என்றே பெயர் அமைந்துவிட்டது. கர்ப்பிணிகளுக்கென்று உடை தைத்தவர். ஆனால் அப்படியொரு உடைக்கு விளம்பரம் போட நாளிதழ்கள் கூச்சப்பட்டன. 1911-ல் ‘நியூயார்க் ஹெரால்ட்’ துணிந்து போட்டது. பிறகு அவரும் கணவர் ஆல்பர்ட் மால்சினும் பருமனான பெண்களின் பக்கம் திரும்பினார்கள். சொந்த வாடிக்கையாளர்களில் சுமார் 4,500 பேரை அளந்தார்கள். ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து ஏறக்குறைய 2 லட்சம் பெண்களின் விவரத்தை வாங்கிப் பார்த்தார்கள். பருத்த உடம்பு என்பது ஒரே வகை இல்லை, பொதுவாக மூன்று வகை என்று முடிவுக்கு வந்து அதற்கேற்றபடி தைத்தார்கள். நூறு ஆண்டுக்கு முன் ஒரு கடைக்காரி கண்டுகொண்ட விஷயம் இது. இன்றைக்கும் ‘ப்ளஸ் சைஸ்’ என்று ஒரே மூலையில் எல்லாரையும் தள்ளிவிடும் கடைகள் உண்டு.

◆ பெண்களின் உடை அளவுக்காக முதன்முதலில் நாடு தழுவி அறிவியல் முறையில் அளவெடுத்தது யார்? அமெரிக்க விவசாயத் துறை! அதன் கீழ் இருந்த வீட்டுப் பொருளாதாரப் பிரிவில் ரூத் ஓ’பிரையனும் வில்லியம் ஷெல்டனும் 1939–40-ல் சுமார் 15,000 பெண்களை அளந்தார்கள். ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள். வேலையில்லாதவர்களுக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தின் பணத்தில் நடந்த வேலை இது. அளக்க வந்த பெண்களுக்கும் சிறு தொகை கொடுத்தார்கள். அதனால் அந்தச் சில்லறைக்காகவாவது வந்து நிற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள் கணக்கில் அதிகமாகச் சேர்ந்துகொண்டார்கள்.

அது சின்னக் குறை. பெரிய குறை வேறு. வெள்ளையர் அல்லாத பெண்களும் அளக்க வந்தார்கள், அவர்களையும் அளந்தார்கள், பிறகு அந்த எண்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். 1941-ல் வெளிவந்த அறிக்கையின் ‘பெண்’ வெள்ளைக்காரப் பெண் மட்டும்தான். பின்னால் உலகம் முழுக்கப் போன சைஸ் அட்டவணைகள் பலவற்றுக்கு இதுதான் பாட்டி.

ஒரு சுவாரசியம்: எடை, உயரம் இரண்டும் தெரிந்தால் ஓர் உடம்பை நன்றாகவே ஊகிக்கலாம் என்று அவர்கள் கண்டார்கள். ஆனால் கடையில் போய் எந்தப் பெண் எடையைச் சொல்வாள்? அதனால், எந்த உடல் அளவையும் காட்டிக்கொடுக்காத, செருப்பு நம்பரைப் போன்ற எண்களை வைக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். லேபிளில் இருக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லாமல் இருப்பது ஒருவகையில் திட்டமிட்ட ஏற்பாடு.

◆ அதே 15,000 பேரின் சராசரியை எடுத்து ஒரு சிலையே செய்தார்கள். மகப்பேறு மருத்துவர் ராபர்ட் டிக்கின்சனும் சிற்பி ஏப்ரம் பெல்ஸ்கியும் 1940-களின் தொடக்கத்தில் செய்த அந்தச் சிலைக்குப் பெயர் ‘நார்மா’. 1945-ல் கிளீவ்லாந்து நகரில் ஒரு நாளிதழும் அங்கிருந்த உடல்நல அருங்காட்சியகமும் சேர்ந்து போட்டி வைத்தன: நார்மாவின் உடம்பு யாருக்கு இருக்கிறது? வந்த விண்ணப்பங்கள் 3,864. பார்த்த அளவுகள் ஒன்பது. ஒன்பதிலும் பொருந்தியவர் பூஜ்யம். ஐந்து அளவுகளில் மட்டும் பொருந்தினால் போதும் என்று இறங்கிவந்தாலும் 40 பேர் தேறவில்லை. ஒரு தியேட்டர் கேஷியருக்கு, இருப்பதில் நெருங்கி வந்தவர் என்று பரிசைக் கொடுத்து அனுப்பினார்கள்.

சிலைதான் தப்பு என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. பெண்கள் உடற்பயிற்சி செய்வதில்லை என்ற பேச்சுதான் எழுந்தது.

◆ தப்பு எங்கே என்று கண்டவர் ஓர் இளம் விமானப்படை அதிகாரி. 1950-ல் அமெரிக்க விமானப்படை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளை அளந்தது. காக்பிட்டை ‘சராசரி விமானி’க்கு ஏற்றபடி புதிதாக அமைக்கலாம் என்பது திட்டம். லெப்டினன்ட் கில்பர்ட் டேனியல்ஸ் ஒரு கேள்வி கேட்டார்: உயரம், மார்பு, கை நீளம் என்று முக்கியமான பத்து அளவுகளிலும் சராசரியை ஒட்டி இருப்பவர் எத்தனை பேர்? 4,063 பேரில் ஒருவரும் இல்லை. வெறும் மூன்று அளவுகளை எடுத்துக்கொண்டால்கூட 3.5 சதவீதத்துக்கும் குறைவு. சராசரி மனிதனுக்காகச் செய்த இருக்கை யாருக்கும் செய்யாத இருக்கை என்றாகிவிட்டது. விமானப்படை அதைப் புரிந்துகொண்டு, முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளும் இருக்கை, கூட்டிக் குறைக்கும் பெல்ட் என்று மாறியது. துணிக்காரர்கள் மாறவில்லை. விமானம் விழுந்தால் விசாரணை வரும். ஜாக்கெட் இறுக்கினால் யார் விசாரிப்பார்கள்?

◆ 1958-ல் அமெரிக்க அரசு பெண்களின் உடைக்கு ஒரு தர அளவு வெளியிட்டது. 8 முதல் 38 வரை இரட்டைப்படை எண்கள். அதோடு உயரத்துக்கு ஓர் எழுத்து. தையல்காரர்கள் ‘சீட்’ என்று சொல்லும் பின்புறச் சுற்றளவு கூடினால் கூட்டல் குறி, குறைந்தால் கழித்தல் குறி. நல்ல யோசனைதான். ஆனால் அடிப்படை பழைய 1939–40 எண்களே. 1970-ல் திருத்தினார்கள். 1983-ல் மொத்தமாகக் கைவிட்டார்கள்.

அதன் பிறகு அவரவர் இஷ்டம். வாடிக்கையாளர் சின்ன எண்ணைப் பார்த்தால் சந்தோஷப்படுகிறார் என்பது தெரிந்ததும், உடையைப் பெரிதாக்கி எண்ணைச் சின்னதாக்கினார்கள். 1958-ல் 16 என்று விற்ற உடையும் ஐம்பது ஆண்டுகள் கழித்து 8 என்று விற்ற உடையும் ஏறக்குறைய ஒரே அளவுதான். எண் குறைந்துகொண்டே போனால் ஒரு நாள் பூஜ்யத்தில் முட்டும் அல்லவா? முட்டியது. இரட்டைப் பூஜ்யம் வந்தது. 2014-ல் ஜே.க்ரூ நிறுவனம் மூன்று பூஜ்யம் போட்டு ஒரு சைஸ் கொண்டுவந்தது.

◆ ஒரே உடை, ஐந்து எண்: இங்கிலாந்தில் 12, அமெரிக்காவில் 8, ஜெர்மனியில் 38, பிரான்ஸில் 40, இத்தாலியில் 44. ஜெர்மன் எண்ணுக்காவது ஒரு வாய்பாடு உண்டு. மார்பளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, பாதியாக்கி, ஆறைக் கழிக்க வேண்டும். 88-ல் பாதி 44, கழித்தல் 6, ஆக 38.

◆ ஒரு சட்டையோ சுடிதாரோ முதலில் பிறப்பது ஒரே ஒருவரின் உடம்பில். பெரிய பிராண்டுகள் ‘ஃபிட் மாடல்’ என்று ஒருவரை வைத்திருப்பார்கள். பெரும்பாலும் எஸ் அல்லது எம் சைஸ்காரர். சாம்பிளை அவருக்குப் போட்டு, கையைத் தூக்கச் சொல்லி, உட்காரச் சொல்லி, பொருந்தும்வரை திருத்துவார்கள். அதோடு முக்கால்வாசி வேலை முடிந்தது. மற்ற சைஸ்களைப் பேட்டர்ன் மாஸ்டர் ‘கிரேடிங்’ செய்து எடுத்துவிடுவார். மார்பில் இவ்வளவு, தோளில் இவ்வளவு, நீளத்தில் இவ்வளவு என்று ஒவ்வொரு சைஸுக்கும் ஒரே சீராகக் கூட்டிக்கொண்டே போவது. முன்பு ஸ்கேலும் பென்சிலும். இப்போது கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை.

எம்மிலிருந்து எல், எக்ஸ்எல் வரை இதில் பெரிய கெடுதல் இல்லை. அதற்கு மேலே போகப் போகக் கணக்கு உடம்பை விட்டு விலகுகிறது. மனிதர் பருத்தால் தோள் எலும்பு அகலமாவதில்லை, கை நீளமாவதில்லை. வயிறு முன்னால் வருகிறது, மேல்கை பருக்கிறது, கழுத்தின் பின்பக்கம் சதை போடுகிறது. கிரேடிங் கணக்கோ எல்லாவற்றையும் சேர்த்தே கூட்டுகிறது. அதனால்தான் 3 எக்ஸ்எல் சட்டையின் தோள் சரிந்து முழங்கைப் பக்கம் இறங்குகிறது, கை விரலை மூடுகிறது, வயிற்றுப் பட்டன் மட்டும் இன்னும் திணறுகிறது. இன்னொரு விசித்திரம்: சைஸ் கூடக் கூட நீளமும் கூடுவதால், இந்தக் கணக்குப்படி பருத்தவர்கள் எல்லாரும் நெட்டை, ஒல்லியானவர்கள் எல்லாரும் குட்டை. நம் தெருவில் நின்று ஐந்து நிமிடம் பார்த்தால் போதும், இது எவ்வளவு பொய் என்று தெரியும்.

சரிசெய்ய வழி இருக்கிறது. பெரிய சைஸ்களுக்கு இன்னொரு ஃபிட் மாடலை வைத்து, பேட்டர்னை அவர் உடம்பில் முதலிலிருந்து வரைய வேண்டும். அதாவது இரண்டாவது பேட்டர்ன், இரண்டாவது சாம்பிள், இரண்டாவது செலவு. அங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

◆ ஒரே கடை, ஒரே பிராண்டு, ஒரே எல். ஒன்று இறுக்கம், ஒன்று தளர்ச்சி. எப்படி? திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருப்பவரைக் கேளுங்கள், ‘டாலரன்ஸ்’ என்பார். பையர் கொடுக்கும் மெஷர்மென்ட் சார்ட்டிலேயே இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று எழுதியிருக்கும். டீ ஷர்ட்டை மேஜையில் விரித்துப் படுக்கையாக அளக்கும்போது மார்பில் ஒரு சென்டிமீட்டர் கூடக் குறைய விட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம், பின்பக்கம் சேர்த்தால் சுற்றளவில் அது இரண்டு சென்டிமீட்டர். ஒரு பீஸ் கூடுதல் எல்லையிலும் இன்னொரு பீஸ் குறைவு எல்லையிலும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே நான்கு சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு சைஸ் வித்தியாசம்! இரண்டுமே செக்கிங்கில் பாஸான சரக்கு. ட்ரையல் ரூமுக்கு ஒரே சைஸில் இரண்டை எடுத்துப் போகிறவர்கள் விவரமானவர்கள்.

◆ நமக்கு வேண்டிய சைஸ் மட்டும் எப்போதும் தீர்ந்துபோயிருப்பதற்கும் ஒரு பெயர் இருக்கிறது: ரேஷியோ. ஆர்டர் கொடுக்கும்போதே எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று என்பதுபோல விகிதம் போட்டு அட்டைப்பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். ஓரத்து சைஸ்காரர்களுக்கு வருவதே கொஞ்சம்.

இந்த விகிதத்தை மாற்ற அமெரிக்காவின் ஓல்ட் நேவி நிறுவனம் 2021 ஆகஸ்டில் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. பெண்களின் எல்லா உடையும் 0 முதல் 28 வரை எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். எல்லா சைஸுக்கும் ஒரே விலை. ப்ளஸ் சைஸுக்கென்று தனி மூலை கிடையாது. 389 பெண்களை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் உடம்புகளை உருவாக்கி, பேட்டர்னைப் புதிதாகவே போட்டார்கள். அதாவது மேலே சொன்ன கிரேடிங் குறையைத் தீர்த்துவிட்டார்கள். விழுந்தது வேறோர் இடத்தில். எந்தக் கடையில் எந்த சைஸ் எத்தனை என்ற கணக்கு தப்பியது. நடு சைஸ்கள் சட்டென்று தீர்ந்தன. இரு கோடியிலும் இருந்த சைஸ்கள் தேங்கின. நடு சைஸ் கிடைக்காதவர்கள் முணுமுணுத்தார்கள். 2022-ல் சில கடைகளிலிருந்து பெரிய சைஸ்களைத் திரும்ப எடுத்தார்கள். "பார்த்தீர்களா, பெரிய சைஸுக்கு ஆளில்லை" என்று இதைக் காட்டிப் பேசியவர்கள் உண்டு. பல ஆண்டுகளாக ஒரு கடையில் தனக்குச் சைஸ் இருக்காது என்று பழகிப்போன பெண், இன்றைக்கு இருக்கிறது என்று விளம்பரம் வந்த அடுத்த மாதமே ஓடிவந்துவிடுவாளா என்ன? எனக்கென்னவோ அவசரப்பட்டுக் கைவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

◆ பெரிய சைஸுக்குத் துணி அதிகம் பிடிக்கும். விலை கூடுதலாக வாங்கலாமா? இங்கிலாந்தின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் பெரிய கப் அளவு பிராவுக்கு 2 பவுண்டு கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் ஃபேஸ்புக்கில் கூட்டம் சேர்த்தார்கள். அதைத் தொடங்கிய பெண், பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பதற்காகவே கம்பெனியின் ஒரே ஒரு பங்கை வாங்கினார். கூட்டம் வரை போகத் தேவைப்படவில்லை. 2009 மே மாதம் நிறுவனம் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் போட்டு மன்னிப்புக் கேட்டு விலையைக் குறைத்தது.

◆ ஜப்பானில் பெண்கள் உடை லேபிளில் ‘9ஏஆர்’ என்று இருக்கும். 9 என்றால் மார்பு 83 செ.மீ.; ‘ஆர்’ என்றால் உயரம் 158 செ.மீ.யை ஒட்டியவர், நடுவில் உள்ள ‘ஏ’ உடல்வாகு. மார்பும் உயரமும் அதேதான், ஆனால் சீட் 4 செ.மீ. குறைவு என்றால் ‘ஒய்’. 4 கூடுதல் என்றால் ‘ஏபி’. 8 கூடுதல் என்றால் ‘பி’. சீனத்து ஆண்கள் உடையில் ‘170/92ஏ’ என்பது உயரம், மார்பு, இரண்டையும் அடுத்து மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் எழுத்து. தொப்பைக்காரருக்கு ‘சி’. யாரும் அதைக் கேவலமாக நினைப்பதாகத் தெரியவில்லை. தொப்பைக்கு ஒரு எழுத்து இருந்தால், அதற்கென்று தைத்த சட்டையும் கிடைக்கிறது.

◆ ஸ்பெயின் நாட்டுச் சுகாதார அமைச்சகம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஸ்கேனரில் அளந்து 2008-ல் முடிவை வெளியிட்டது. அங்குள்ள பெண்களின் உடல்வாகு மூன்று: உருளை, மணற்கடிகாரம், மணி. சுகாதாரத் துறைக்குத் துணி அளவில் என்ன வேலை என்கிறீர்களா? இளம்பெண்கள் சாப்பிடாமல் உடம்பை வருத்திக்கொள்வதைத் தடுக்கும் முயற்சியின் ஒரு பகுதி அது. ஸாரா, மாங்கோ போன்ற நிறுவனங்கள் கண்ணாடிக் காட்சிப் பொம்மைகளை 38-க்குக் கீழே வைக்க மாட்டோம் என்று 2007-லேயே ஒப்புக்கொண்டன.

◆ இந்தியாவுக்கென்று ஒரு சைஸ் அட்டவணை? இத்தனை காலம் அமெரிக்க, இங்கிலாந்து அட்டவணைகளைக் கொஞ்சம் வெட்டி ஒட்டித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். மத்திய ஜவுளித் துறையின் ஆதரவோடு ஃபேஷன் கல்வி நிறுவனமான நிஃப்ட் ‘இந்தியா சைஸ்’ என்ற திட்டத்தைக் கையில் எடுத்தது. ஆறு பகுதிகளுக்கு ஆறு நகரங்கள். 15 முதல் 65 வயது வரை 25,000 பேர். தொடாமலே அளக்கும் 3டி ஸ்கேனர். வடகிழக்குக்கு ஷில்லாங்கைச் சேர்த்தது நல்ல காரியம்; பஞ்சாபியின் தோளும் மேகாலயத்துக் காசி பழங்குடியினரின் தோளும் ஒன்றல்ல. ஆன்லைனில் வாங்கும் துணியில் 20 முதல் 40 சதவீதம் வரை திரும்பிப் போகிறது, முக்கியக் காரணம் அளவு சேராததுதான் என்று அமைச்சகமே காரணம் சொல்லியிருக்கிறது.

◆ செருப்பில் சென்னை முந்திக்கொண்டது. அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பியப் பாதத்தைவிட அகலம் என்று தெரிந்தது. குறுகலான ஷூவுக்குள் நுழைய வேண்டி, நீளத்தில் ஒரு சைஸ் கூட்டி வாங்கிப் பழகியிருக்கிறோம். ‘பாரத்’ என்பதிலிருந்து எடுத்து ‘பா’ என்ற பெயரில் எட்டு சைஸ்களைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். பார்லி மணிக்கு விடை கொடுக்கும் முயற்சி.

◆ சைஸ் இல்லாததால் ஒரு விண்வெளி நடையின் திட்டமே மாறியிருக்கிறது. 2019 மார்ச் 29-ல் நாசா விண்வெளி வீராங்கனைகள் ஆன் மெக்லேனும் கிறிஸ்டினா கோக்கும் பெண்கள் மட்டுமே பங்கேற்கும் முதல் விண்வெளி நடையைச் செய்யவிருந்தார்கள். இருவருக்கும் விண்வெளி உடையின் மார்புக்கூடு பகுதி மீடியம் வேண்டும். உடனே அணியத் தயாராக இருந்தது ஒன்றுதான். மெக்லேன் தரையில் லார்ஜிலும் பயிற்சி செய்தவர். ஆனால் எடையற்ற இடத்தில் முதுகெலும்பு நீளும்; மேலே போனபின் தன் உயரம் 2 இன்ச் கூடியதாக அவரே சொன்னார். மேலேதான் மீடியமே சரி என்று தெரிந்தது. அவருக்குப் பதில் ஓர் ஆண் வெளியே போனார். அக்டோபர் 18-ல் கோக்கும் ஜெசிகா மெய்ரும் அதைச் செய்து முடித்தார்கள். ஸ்மால் சைஸ்? செலவைக் குறைக்க 1990-களிலேயே அதைக் கைவிட்டிருந்தார்கள்.

◆ எல்லா பேன்ட்டும் நிற்பவருக்காக வெட்டியது. நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருப்பவர் அதைப் போட்டால் பின்பக்கம் கீழே இறங்கும், முன்பக்கம் வயிற்றில் சுருண்டு குத்தும், கால் பகுதி மேலே ஏறும். அவருக்கான பேன்ட்டில் பின்பக்கம் உயரம், முன்பக்கம் தாழ்வு, கால் நீளம் கூடுதல். பின்பாக்கெட் கூடாது, அதன் தையல் மேட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் புண்ணாகும். ஆகும் துணி ஏறக்குறைய அதேதான். மாறுவது வெட்டு மட்டும்.

◆ பெருமூளை வாதம் உள்ள ஒரு பதின்வயதுப் பையன், "ஷூ லேஸை யார் வந்து கட்டிவிடுவார்கள் என்ற கவலை இல்லாமல் கல்லூரிக்குப் போக வேண்டும்" என்ற ஏக்கத்தை 2012-ல் நைக்கி நிறுவனத்துக்கு எழுதினான். 2015-ல் ‘ஃப்ளைஈஸ்’ என்ற ஷூ வந்தது. ஒரு கையால் இழுத்து மூடும் ஜிப். இன்று அதை வாங்குகிறவர்களில் குனிய முடியாத கர்ப்பிணிகளும் முட்டிவலிக்காரர்களும் உண்டு.

◆ ஸ்பாண்டெக்ஸ் இழையை டுபாண்ட் ஆய்வகத்தில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்ததும் 1958-ல்தான். அரசு சைஸ் வகுத்த அதே ஆண்டு! சைஸ் பிரச்சினையை லெக்கிங்ஸ் தீர்த்த அளவுக்கு எந்த அட்டவணையும் தீர்க்கவில்லை.

◆ 2018-ல் ஜப்பானின் ஸோஸோ நிறுவனம் உடம்போடு ஒட்டும் ஒரு கறுப்பு உடையை வெளியிட்டது. மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. போட்டுக்கொண்டு செல்போன் முன் சுற்றிச் சுற்றி நின்றால் அளவு கம்பெனிக்குப் போய்விடும், அதன்படி உடை வரும். லட்சக்கணக்கில் இலவசமாகவே அனுப்பினார்கள். அளவைக் கொடுத்தவர்கள் உடையை அந்த எண்ணிக்கையில் வாங்கவில்லை, லாபம் அடிவாங்கியது, திட்டம் சுருண்டது.

◆ வளரும் குழந்தைக்கு வளரும் உடை: லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் படித்த ரயன் மரியோ யாசின் 2017-ல் ‘பெட்டி ப்ளீ’ என்ற உடைக்காக டைசன் விருது பெற்றார். விமானப் பொறியியல் படித்தவர். துணி முழுக்க நுண்மடிப்பு. குழந்தை வளர வளர நீளத்திலும் அகலத்திலும் விரியும். பட்டுப்பாவாடையின் அடியில் இரண்டு மூன்று டக் பிடித்துத் தைத்து, வருஷம் ஒன்றாகப் பிரித்துவிடும் நம்மூர் ஏற்பாட்டுக்கு இதுவரை யாரும் விருது கொடுக்கவில்லை. பழைய மடிப்பின் கோடு மட்டும் நிறம் மாறித் தெரியும். அது எத்தனையாவது வருஷம் என்று ஊருக்கே சொல்லிவிடும்.

◆ ‘ஃப்ரீ சைஸ்’ நைட்டியை வாங்கிய ஒல்லியானவர்களுக்கும் பருத்தவர்களுக்கும் அது யாருக்கு ஃப்ரீ என்பது தெரியும்.

◆ கடைசியாக அளவு ஜாக்கெட். பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைத் தையல்காரரிடம் கொடுத்து, "இதே மாதிரி, கை மட்டும் அரை இன்ச் லூஸ்" என்று சொல்லிவிட்டு வருவதில் எஸ்ஸும் இல்லை, எம்மும் இல்லை. அதைவிட முக்கியமான சங்கதி உள்ளே இருக்கிறது. நல்ல தையல்காரர் பக்கவாட்டில் இரண்டு மூன்று வரிசைத் தையல் போட்டு, உள்ளே ஓர் இன்ச், ஒன்றரை இன்ச் துணியை விட்டுவைப்பார். பிள்ளை பெற்ற பிறகோ, தைராய்டு வந்த பிறகோ ஒரு வரிசையைப் பிரித்தால் போதும். ஃபேக்டரியில் ஓவர்லாக் மெஷின் விளிம்பை ஒட்டித் தைத்து மிச்சத்தை வெட்டித் தள்ளிவிடுகிறது. பிரித்துவிட அங்கே துணியே இல்லை. லட்சம் பீஸில் பக்கத்துக்கு ஓர் இன்ச் மிச்சம் பிடித்தால் எவ்வளவு பணம் என்று அவர்களுக்குத் தெரியும். ரெடிமேட் பிளவுஸ்காரர்களில் சிலர் மட்டும் இப்போது "உள்ளே 2 இன்ச் மார்ஜின்" என்று போட்டு விற்கிறார்கள். வாங்கும்போது ஒருமுறை உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 38 என்று எழுதியிருக்கும், 42 வரை வரும்.